தாய் தகப்பனைச் சோதிக்காமல் குட்டிக்குப் பதிவு எதற்கு? வன்னியில் நாய் வளர்ப்போர் கருத்துச் சொல்லுங்கள்

முறிகண்டியான்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள், குட்டி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லாருடனும் பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முகநூலைத் திறந்தால் ஏ9 வீதி நெடுக அல்சேசன், லாப்ரடோர், றொட்வைலர் குட்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன. "பேப்பர் இருக்கு" என்றால் ஒரு விலை, இல்லையென்றால் இன்னொரு விலை. அந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது? தாயின் பெயர், தகப்பனின் பெயர், பாட்டன் பூட்டன் பெயர், நிறம், பிறந்த திகதி. தாயின் இடுப்பு மூட்டு எப்படி, தகப்பனின் கண் எப்படி என்று ஒரு வரியாவது உண்டா? என் கைக்கு வந்த எதிலும் இல்லை. கலப்புக் குட்டி என்றால் அந்தப் பெயர்கள்கூட இல்லை. சாக்கில் போட்டுத் தருவார்கள், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

என் யோசனை இது. வன்னிக்கென்று நாங்களே ஒரு பதிவேடு வைப்போம். சாதி நாயும் சேரலாம், கலப்பும் சேரலாம். நிபந்தனை ஒன்றுதான்: தாய், தகப்பன் இரண்டும் வைத்தியரால் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், முடிவு நல்லதோ கெட்டதோ எல்லாரும் பார்க்கும்படி எழுதப்பட வேண்டும். கொழும்பில், சாதி நாய்களைப் பதிகிற கெனல் அசோசியேஷனில் பதிந்தவர்கள் அந்தப் பேப்பரை அப்படியே வைத்திருக்கட்டும், அதற்கு இது இடைஞ்சல் இல்லை.

சரி, சொல்லுங்கள்.

வவுனியா அல்சேசன்

நல்ல எண்ணம்தான் தம்பி. சோதனை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். கலப்பைச் சேர்ப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இடம்பெயர்ந்தபோது நாய்களை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். திரும்பி வந்து பார்த்தால் வளவில் பற்றை, காடேறிப்போன நாய்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நல்ல பெட்டையையும் கண்டியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் விலை கொடுத்துக் கொண்டுவந்துதான் இந்த வரிசையை மறுபடி கட்டினோம். ஒரே பதிவேட்டில் கலப்பையும் எழுதினால் தரகர்மாருக்குக் கொண்டாட்டம். "பதிவு செய்த குட்டி" என்று மட்டும் சொல்லுவான், எதன் குட்டி என்று சொல்லமாட்டான். வாங்குகிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஏமாறுவது அவர்கள், கெட்டுப்போவது எங்கள் பெயர்.

ஒட்டுசுட்டான் வயல்

அண்ணை, எங்களுக்குத் தேவை கண்காட்சிக்குப் போகிற நாய் இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம் காட்டுப்பண்டி இறங்கினால் விடியும்போது வயலைப் பார்க்க ஏலாது. கச்சான், மரவள்ளி என்றால் கிளறி எறிந்துவிட்டுப் போகும். காவல் கொட்டிலில் படுக்கிற ஆளுக்கு முதலே குரல் கொடுக்கிற நாய் வேண்டும். கூப்பிட்டால் திரும்பி வரவும் வேண்டும், இல்லாவிட்டால் பண்டியின் பின்னால் காட்டுக்குள் போய் வெட்டு வாங்கும், அல்லது மிருகம் தட்டினால் தானே வெடிக்கும்படி யாரோ கட்டிய கட்டுத்துவக்கில் மாட்டும். அல்சேசனுக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்ததுதான் இதற்குத் தோது. அல்சேசனின் சொல் கேட்கிற குணமும் நாட்டு நாயின் வெயில் தாங்குகிற உடம்பும் சேர்ந்திருக்கும்.

இங்கே கலப்புக் குட்டியை யாரும் பெரிய விலைக்கு விற்பதில்லை. பக்கத்து வயல்காரருக்குக் கொடுப்போம், அவர் அறுவடைக்குப் பிறகு ஏதாவது தருவார். இதற்குள் எக்ஸ்ரே, இரத்தச் சோதனை என்றால் காசுக்கு எங்கே போவது? பதிவேடு எங்களையும் சேர்த்துத்தான் என்றால் அதைச் சொல்லுங்கள்.

மாங்குளம் மிருகவைத்தியர்

காசுக் கேள்விக்கு முதல், எதைச் சோதிப்பது என்று சொல்கிறேன். பலர் "செக் பண்ணியாச்சு" என்கிறார்கள். கேட்டால் பூச்சி மருந்தும் பார்வோ ஊசியும் போட்டிருக்கிறார்கள். அது குட்டிக்குச் செய்த பராமரிப்பு. நாம் பேசுவது தாய் தகப்பனிடம் இருந்து குட்டிக்கு இறங்கும் நோய்களைப் பற்றி.

அல்சேசன், லாப்ரடோர், றொட்வைலர் மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் ஆழமாக உட்காராமல் தளர்ந்து நின்றால், நாளடைவில் மூட்டுத் தேய்ந்து வாதமாகும். இதுதான் ஹிப் டிஸ்பிளேசியா. நாய் நடப்பதைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. நன்றாக ஓடுகிற கடுவனின் (ஆண் நாயின்) எக்ஸ்ரேயிலும் மோசமான மூட்டு இருக்கும். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கால்கள் இரண்டையும் நேராக இழுத்து, முழங்கால் உட்புறம் திரும்பும்படி பிடித்து எடுக்கிற படம் அது. இடுப்புக் கொஞ்சம் சரிந்தாலும் ஒரு பக்கம் நல்லதாகவும் மற்றப் பக்கம் கெட்டதாகவும் தெரியும், திரும்ப எடுக்க வேண்டும்.

இந்தப் படங்களைப் பார்த்துத் தரம் போடுகிற, அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. நிறுவனம் 24 மாதம் ஆன பிறகுதான் இறுதித் தரம் கொடுக்கும். மிகச் சிறப்பு, நன்று, பரவாயில்லை என்பதில் தொடங்கிக் கடுமையான கோளாறு வரை 7 தரங்கள். பிரித்தானிய முறையில் ஒரு வயதுக்கு மேல் எடுக்கலாம். ஒரு பக்கத்துக்கு 0 முதல் 53, இரண்டு பக்கமும் சேர்த்து 106. எண் குறையக் குறைய நல்லது. எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பில் உள்ள நாடுகளில் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகள். முழங்கை மூட்டையும் அதே நாளில் எடுத்துவிடலாம்.

எல்லாக் குறையும் எக்ஸ்ரேயில் தெரியாது. லாப்ரடோருக்குக் கண் மெதுவாகக் குருடாகும் பி.ஆர்.ஏ. உண்டு, ஓடிக் களைத்ததும் பின்கால் சரிந்து விழுகிற இ.ஐ.சி. உண்டு. வயதான அல்சேசனின் பின்பகுதியைச் செயலிழக்கச் செய்கிற டிஜெனரேட்டிவ் மயலோபதி இருக்கிறது. டோபர்மனுக்கு இரத்தம் உறையாத வொன் வில்லிபிராண்ட் நோய். இவற்றுக்கு மரபணுச் சோதனை போதும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவித் தபாலில் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். டோபர்மனின் இதயம் அப்படியில்லை, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்க்கிறேன்: உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா இரண்டும் வெளியில் நோய் தெரியாமலேயே நாயின் உடம்பில் தங்கி நிற்கும். பபேசியா கிப்சோனி தாயிடம் இருந்து வயிற்றுக் குட்டிக்கும் போகும். இணை சேர்ப்பதற்கு முன் இரத்தம் பார்ப்பது அவசியம். அதோடு புரூசெல்லா என்ற கிருமியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும்.

புதுக்குடியிருப்பு அக்கா

டொக்டர் சொன்ன முதலாவது விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது.

தென்பகுதியில் ஒருவரிடம் பேப்பரோடு அல்சேசன் குட்டி வாங்கினோம். ஏழாம் மாதமளவில் பின்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தத்தித் தத்தி ஓடத் தொடங்கினாள். படுத்தவள் எழும்பும்போது முன்கால்களை ஊன்றி உடம்பை இழுப்பாள், அப்புறம்தான் பின்பக்கம் வரும். மகன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் படுத்த இடத்துக்கே போவான். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மோசம்.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தோம். "பேப்பரில் ஒரு பிழையும் இல்லையே" என்றார். உண்மையிலேயே பிழை இல்லை. பிறகு அந்தப் பேப்பரை மேசையில் விரித்து ஆறுதலாகப் பார்த்தேன். தாயின் தகப்பன் பெயரும் தகப்பனின் தகப்பன் பெயரும் ஒன்றே. ஒரே எழுத்து, ஒரே பதிவிலக்கம், மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. வாங்கிய அன்று அதை எங்களுக்கு ஒருவரும் காட்டவில்லை.

அவள் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். எடையைக் குறைத்து வைத்திருக்கிறோம், வழுக்குகிற சீமெந்துத் தரையில் சாக்கு விரித்திருக்கிறோம். பிள்ளை பெற விடவில்லை, கருத்தடை செய்தாயிற்று.

வவுனியா அல்சேசன்

தங்கச்சி, படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதில்தான் என் வாதமும் இருக்கிறது. பேப்பர் இருந்தபடியால்தானே ஒரே பாட்டன் இரண்டு பக்கமும் வந்ததைக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு தகப்பனின் பிள்ளைகளை இணை சேர்த்தால் குட்டியின் உள்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்த அளவு, 12.5 வீதம். கூடப்பிறந்தவை, அல்லது தகப்பனும் மகளும் என்றால் 25 வீதம். பிரித்தானிய கெனல் கிளப் 2009இல் இருந்து அந்த 25 வீதச் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதே இல்லை.

இனி ஒட்டுசுட்டான் தம்பியிடம் கேட்கிறேன்: உங்கள் பக்கத்துக் கலப்புக் குட்டிகளுக்குத் தகப்பன் யார் என்று ஒருவருக்காவது தெரியுமா?

ஒட்டுசுட்டான் வயல்

தெரியும் அண்ணை. எங்கள் ஊரில் அல்சேசன் கடுவன் ஒன்றுதான். ரோட்டுக்கரைக் கடைக்காரருடையது. ஊரில் பாதிக் கலப்புக்கு அதுதான் தகப்பன். அதன் மகள்மாருக்கும் அதுவே போகிறது, தடுக்க ஆள் இல்லை. என் பெட்டையும் அதன் மகள்தான்.

நீங்கள் கேட்ட கேள்வியே எனக்கு விடை சொல்லுகிறது. எழுதி வைக்காதபடியால்தான் இது நடக்கிறது. கலப்புக்குப் பதிவு வேண்டாம் என்றால் இது இப்படியே போகும்.

முறிகண்டியான்

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், வயல்காரர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். சாதி நாய்க்குப் பெயர் இருக்கிறது, உடம்பைப் பற்றிய எழுத்து இல்லை. கலப்புக்கு இரண்டும் இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து நெடுங்கேணியான்

இங்கே ஜெர்மனியில் இருக்கிற முறையைச் சொல்கிறேன், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சேசனின் தாய்ச் சங்கமான எஸ்.வி. 1899இல் தொடங்கியது. இடுப்பும் முழங்கையும் எக்ஸ்ரே எடுத்துத் தேறாத நாயை அங்கே இனப்பெருக்கத்துக்கு விட முடியாது. மூட்டு இயல்பானது, ஏறக்குறைய இயல்பானது, இன்னும் அனுமதிக்கலாம் என்ற மூன்று தரத்துக்குள் வர வேண்டும். அந்த முடிவு நாயின் பேப்பரிலேயே பதிவாகும். குட்டி வாங்கப் போகிறவர் தாய் தகப்பனின் தரத்தை அங்கேயே வாசிக்கலாம்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்க கெனல் கிளப்பில் பதிய இரண்டு பெற்றோரும் அதே இனத்தில் பதிவாகியிருந்தால் போதும், இடுப்பைப் பார் என்று பதிவுக்கு யாரும் கேட்பதில்லை. அங்கே வாங்குகிறவர் ஓ.எஃப்.ஏ.யின் இணையத் தரவுத்தளத்தில் நாயின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும்.

கலப்பைப் பற்றி: பிரித்தானிய கெனல் கிளப்பில் கலப்பு நாய்க்குச் செயற்பாட்டுப் பதிவேடு என்று தனியாக உண்டு. தடை தாண்டல், கீழ்ப்படிதல் போட்டிகளில் அவை ஓடலாம். பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் வளர்க்கும் நிறுவனங்கள் லாப்ரடோரையும் கோல்டன் ரிட்ரீவரையும் திட்டமிட்டுக் கலக்கின்றன. அவர்களிடம் சாதிப் பெருமைக்கு இடமில்லை, ஆனால் ஒவ்வொரு தாய் தகப்பனின் மூட்டும் கண்ணும் பார்க்கப்பட்டிருக்கும். வயல்காரத் தம்பிக்குத் தேவையானதும் அப்படிப்பட்ட வேலை நாய்தான்.

பரந்தன் பிள்ளை

ஒரு சந்தேகம். பிரதேச சபையில் நாய்க்குப் பதிவு போடுகிறார்கள்தானே? அது போதாதா?

மாங்குளம் மிருகவைத்தியர்

அது வேறு பதிவு. 1901ஆம் ஆண்டு நாய்கள் பதிவுச் சட்டத்தின்படி நாய் வைத்திருப்பவர் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். விசர்நாய்க்கடியைக் கட்டுப்படுத்த 1893இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நாய் யாருடையது, விசர் ஊசி போட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. அதைக் கட்டாயம் செய்யுங்கள். நம் பதிவேட்டில் சேர்க்கவும் அந்த ஊசி அட்டையை நான் கேட்பேன்.

வவுனியா அல்சேசன்

டொக்டர், கலப்பு என்றால் நோயே வராது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அதையும் கொஞ்சம் தெளிவாக்குங்கள்.

மாங்குளம் மிருகவைத்தியர்

நம்பிக்கையில் பாதி சரி. ஒரு இனத்தில் மட்டும் இருக்கிற பின்னடைவு நோய் (தாய், தகப்பன் இரண்டு பக்கமும் கெட்ட மரபணு வந்தால்தான் வருவது) என்றால் கலப்பில் பிறந்த முதல் தலைமுறைக்கு வராது. ஆனால் இரண்டு இனத்திலும் அதே குறை இருந்தால் கலந்து பயனில்லை. லாப்ரடோரிலும் பூடிலிலும் ஒரே வகைப் பி.ஆர்.ஏ. இருக்கிறது. லாப்ரடூடில் என்று விலை சொல்லி விற்கிறார்களே, இரண்டு பெற்றோரும் அதைக் காவினால் குட்டி குருடாகலாம். அல்சேசனையும் லாப்ரடோரையும் கலந்தால் இரண்டுமே இடுப்புக் கோளாறு உள்ள இனம். நாட்டு நாயின் உடம்பு நல்லதுதான், என்றாலும் அதன் மகளுக்கும் பேத்திக்கும் ஒரே கடுவனை விட்டுக்கொண்டிருந்தால் அந்த நன்மை கரைந்துபோகும்.

கலப்பால் ஒரு சாதி நாயையே காப்பாற்றிய கதையும் உண்டு. டல்மேஷன் நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மிஞ்சி இருக்கும், கல் அடைத்துச் சாகிற கடுவன்களும் உண்டு. அந்த இனம் முழுவதிலும் நல்ல மரபணு இல்லாமலே போய்விட்டது. இனத்துக்குள் எதை எதோடு சேர்த்தாலும் திருத்த வழியில்லை. 1973இல் ரொபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டல்மேஷனை பொயின்டர் நாயோடு ஒரேயொரு தடவை கலந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையும் டல்மேஷனோடே சேர்த்து, சிறுநீர் சரியாக உள்ள குட்டிகளை மட்டும் தெரிந்து வளர்த்தார். கண்ணால் பார்த்தால் அவை அச்சு அசல் டல்மேஷன். பிரித்தானிய கெனல் கிளப் 2010இல் அந்த வரிசையில் ஒரு நாயைப் பதிந்தது, அமெரிக்க கிளப் 2011இல் கதவைத் திறந்தது. முப்பத்தெட்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு தலைமுறையையும் எழுதி வைத்திருந்தபடியால்தான் முடிந்தது.

வவுனியா அல்சேசன்

பொயின்டர் விஷயம் எனக்குப் புதிது. சரி, யோசிக்க வைக்கிறது. ஒன்று மட்டும் விடமாட்டேன்: சாதி நாய்க்கும் கலப்புக்கும் பக்கம் தனித்தனியாக இருக்கட்டும். கலப்பின் பக்கத்தில் எதற்கும் எதற்கும் பிறந்தது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்படியென்றால் என் நாய்களின் விவரத்தை முதலில் நானே தருகிறேன்.

துணுக்காய் சுதா

பக் வைத்திருக்கிறேன். மத்தியானம் முற்றத்துக்கு வந்தாலே கொர் கொர் என்று மூச்சு. இதுவும் சோதிக்கிற விஷயமா?

மாங்குளம் மிருகவைத்தியர்

கட்டாயம். மூக்குச் சப்பையாக இருப்பதால் உள்ளே காற்று போகிற பாதை ஒடுங்கிவிடுகிறது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதற்கு வழியில்லாவிட்டால் எங்கள் சித்திரை வெயிலில் உயிரே போகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரித்தானிய கெனல் கிளப்பும் 2019இல் இதற்கு ஒரு சோதனை கொண்டுவந்தன: நாயை மூன்று நிமிடம் வேகமாக நடக்கவிட்டு, நடக்க முன்னும் நடந்த பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். 3 வந்தால் குட்டி எடுக்கக்கூடாது. உங்கள் நாயைக் காலை வெயில் ஏற முதல் ஒருநாள் கொண்டுவாருங்கள் தங்கச்சி.

கிளி_வளர்ப்பு

கெட்ட முடிவையும் எல்லாருக்கும் தெரியப் போடு என்றால் யார் முன்வருவார்கள்? நான் குட்டி விற்றுத்தான் சீவிக்கிறேன். என் பெட்டை பி.ஆர்.ஏ. காவி, அதாவது அந்த நோயின் மரபணுவைக் காவுகிறது என்று போட்டால் அடுத்த ஈத்தில் ஒரு குட்டியும் போகாது. நல்ல முடிவை மட்டும் போடலாம்.

புதுக்குடியிருப்பு அக்கா

நல்லதை மட்டும் போட்டால் அது விளம்பரம் தம்பி. எங்களுக்கு விற்றவரும் நல்லதை மட்டும்தான் சொன்னார்.

முறிகண்டியான்

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் காவி என்றால் நோயாளி இல்லை. காவியைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது, ஏறத்தாழப் பாதி காவியாகும், அவ்வளவுதான். காவியும் காவியும் சேர்ந்தால்தான் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. நல்ல குணமும் நல்ல மூட்டும் உள்ள பெட்டையைக் காவி என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை. சுத்தமான கடுவன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அது பதிவேட்டில் இருக்கும். மறைத்தால்தான் உங்கள் பெட்டைக்கு இன்னொரு காவி வந்து சேரும்.

இடுப்பு மூட்டு அப்படி நேர்க்கணக்கு இல்லை. பல மரபணுக்களும் தீனியும் வளர்ப்பும் சேர்ந்து வருவது. இரண்டு பெற்றோரும் நல்ல தரம் என்றாலும் ஒரு குட்டியின் மூட்டுக் கெட்டதாக வரலாம், ஆனால் வாய்ப்புக் குறையும். "உத்தரவாதம்" என்ற சொல்லை நம் பதிவேட்டில் யாரும் எழுதக்கூடாது என்பது என் கருத்து.

ஒட்டுசுட்டான் வயல்

காசுக் கேள்வி அப்படியே நிற்கிறது.

முறிகண்டியான்

மறக்கவில்லை. இடுப்பு எக்ஸ்ரேயைத் தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும். பேராதனை மிருகவைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். ஏ9 நேரே கண்டிக்குத்தான் போகிறது. தனித்தனியாகப் போனால்தான் செலவு, ஒரு வானில் ஐந்தாறு நாய் போனால் பங்கு போடலாம். கடுவன் வைத்திருப்பவர்கள் இணை சேர்க்க வாங்குகிற காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஊர்முழுக்கக் குட்டி போடுவது அவர்களின் நாய்தான். கலப்பு வேலை நாய்களுக்கு முதல் கட்டமாக இடுப்பு எக்ஸ்ரே, உண்ணிக் காய்ச்சல், புரூசெல்லா மூன்றும் போதும். மரபணுச் சோதனை பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. நாய்க்கு மைக்ரோசிப் இல்லாமல் எந்த முடிவையும் ஏற்க வேண்டாம். 15 இலக்கம், அதே இலக்கம் எக்ஸ்ரே படத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் நாயின் படத்தைத் தம்பி நாய்க்குக் காட்டுவார்கள்.

வவுனியா அல்சேசன்

என் கடுவன் இரண்டுக்கும் முழுச் செலவும் நான் தருகிறேன். வானுக்கும் என் பங்கு உண்டு. ரோட்டுக்கரைக் கடைக்காரரிடம் நான் பேசிப் பார்க்கிறேன், அவரை எனக்குத் தெரியும். அவரின் கடுவன் முதல் வானில் ஏறவேண்டும்.

ஒட்டுசுட்டான் வயல்

நன்றி அண்ணை. டொக்டர், என் பெட்டைக்கு இப்போது பதினெட்டு மாதம். பருவம் தொடங்கி நாலைந்து நாள். வான் எப்போது போகும்? இந்தமுறை கடுவனிடம் விடாமல் கட்டி வைத்திருக்கிறேன்.

மாங்குளம் மிருகவைத்தியர்

நல்ல வேலை செய்தீர்கள். பருவ காலத்தில் சுரப்பு மாற்றத்தால் மூட்டு வழமையைவிடத் தளர்வாகத் தெரியலாம், இப்போது படம் எடுத்தால் தரம் குறைத்துப் போடுவார்கள். பருவம் முடிந்து ஒரு மாதமாவது கழியட்டும். இரத்தம் மட்டும் இந்தக் கிழமையே எடுக்கலாம், கந்தோருக்குக் கொண்டுவாருங்கள், சிப்பையும் அன்றைக்கே போட்டுவிடுவோம்.

முறிகண்டியான்

அப்படியென்றால் ஒட்டுசுட்டான் பெட்டையை இரண்டாவது வானில் எழுதுகிறேன். முதல் வானில் வவுனியாக் கடுவன் இரண்டும், கடைக்காரர் சம்மதித்தால் அவருடையதும். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. பெயர் தருகிறவர்கள் நாயின் வயது, இனம் அல்லது கலப்பு, தாய் தகப்பன் தெரியுமா இல்லையா, விசர் ஊசி போட்ட திகதி நான்கையும் இதற்குக் கீழே எழுதுங்கள்.